ரோமத்தோல் கெடாமல் கொயோட்டி வேட்டை: ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

சில குளிர்காலங்களுக்கு முன்பு, ஒரே மாலையில் சுடப்பட்ட இரண்டு கொயோட்டிகளின் (வட அமெரிக்காவில் வாழும், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு) தோல்களை, உட்புறம் வெளியே தெரியும்படி விரிபலகைகளில் மாட்டி அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் தோலில், விலாப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம் கட்டி ஊதா நிறமாகியிருந்தது; அதன் நடுவில் பென்சில் முனை மட்டுமே நுழையக்கூடிய ஒரு துளை. தோலைத் திருப்பிய பிறகு அந்தத் துளையை விரலால் மயிரை விலக்கி விலக்கித் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது தோலில், தோள்பட்டைக்குப் பின்னால் என் முஷ்டி முழுவதும் புகக்கூடிய கிழிசல். அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மயிரே இல்லை. இரண்டையும் சுட்டது ஒரே ரைஃபிள். தொலைவும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது தோட்டாப் பெட்டி மட்டுமே. முதல் விலங்குக்கு மெல்லிய உறை கொண்ட சிறு குண்டு. இரண்டாவதற்கு, முதல் பெட்டி தீர்ந்துவிட்டதால் பையில் கிடந்த, மான் வேட்டைக்கென்று செய்யப்பட்ட கனத்த குண்டு.

எந்த ரைஃபிளை வாங்குவது என்ற கேள்வியைவிட, குண்டு எங்கே போய் நிற்கிறது என்ற கேள்வியே தோலின் கதியைத் தீர்மானிக்கிறது. சிறு துளை வழியாக உள்ளே நுழைந்து, மார்புக்கூட்டுக்குள் முற்றிலுமாகச் சிதறி, மறுபக்கம் வெளிவராமல் அங்கேயே அடங்கிவிடும் குண்டுதான் நமக்கு வேண்டியது. அப்படிச் சிதறும் குண்டு விலங்கை நின்ற இடத்திலேயே வீழ்த்தியும் விடுகிறது. விரைவான மரணமும் நல்ல தோலும் ஒரே தேர்விலிருந்து கிடைக்கின்றன. இரண்டும் மோதும் நிலை வந்தால், விலங்கு துன்பமின்றிச் சாவதற்கே முதலிடம்.

இந்த வழிகாட்டி வட அமெரிக்கச் சமவெளிகளில், அதாவது மொன்டானா, வயோமிங், டக்கோட்டா மாநிலங்களிலும் கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாகாணங்களிலும், உரிய உரிமத்துடன் வேட்டையாடுவோருக்காக எழுதப்பட்டது. கொயோட்டி நம் ஊர் நரிக்கு உறவினமே தவிர நரி அல்ல. இந்தியாவில் நரியைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எழுத்தில் குழப்பம் வராமலிருக்க, பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்றும், குழலிலிருந்து பறந்து செல்லும் பகுதியை மட்டும் குண்டு என்றும் குறிப்பிடுகிறேன்.

படி 1: விலங்கின் உடலையும் தோலின் பருவத்தையும் அறிதல்

சமவெளிக் கொயோட்டி பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ வரைதான் இருக்கும். குளிர்கால ரோமத்தோடு பார்க்கும்போது பெரிய நாயைப்போலத் தோன்றினாலும், தோலை உரித்தபின் அதன் மார்பின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. குண்டு தன் வேலை முழுவதையும் முடிக்க வேண்டிய இடம் அவ்வளவுதான். விலா எலும்புகள் மெல்லியவை. தோள்பட்டை எலும்பு மட்டுமே சற்று உறுதியானது. மான் குண்டு இந்த உடலில் எதிர்ப்பே இல்லாமல் புகுந்து, விரியத் தொடங்கும் நேரத்தில் மறுபக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது.

வடக்குச் சமவெளிகளில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை ரோமம் உச்ச நிலையில் இருக்கும். பிப்ரவரியில் இணைசேரும் பருவம் தொடங்கியதும் இடுப்பிலும் தோளிலும் மயிர் தேய்ந்து போகிறது. செப்டம்பரில் சுட்ட விலங்கின் தோலை எந்தத் தோட்டாவாலும் நல்ல தோலாக்க முடியாது. தோலுக்காக வேட்டையாடுவதானால் பருவம் வரும்வரை காத்திருப்பதே முறை.

சந்தை நிலவரமும் தேர்வைப் பாதிக்கிறது. குளிர்கால மேலங்கிகளின் தலைமூடி ஓரத்துக்குக் கொயோட்டி ரோமம் வைக்கும் வழக்கம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், வெளிறிய நிறமும் அடர்ந்த அடிமயிரும் கொண்ட மேற்குப் பகுதித் தோல்கள் சிறு கிழிசலோடும் விலை போயின. 2019இல் நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் என்ற பெரிய ஏல நிறுவனம், கடன் கொடுத்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. 2021இல் கனடா கூஸ் நிறுவனம் 2022 இறுதிக்குள் ரோமத்தைப் பயன்படுத்துவதை முற்றிலும் நிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் வாங்குவோர் தெரிந்தெடுத்தே வாங்குகிறார்கள். முதுகின் நடுவில் கிழிசல் உள்ள தோலை இன்று எடுத்துப் பார்க்கவே பலர் தயங்குகிறார்கள்.

படி 2: குண்டு தோலைக் கெடுக்கும் விதங்களைப் பிரித்தறிதல்

கெட்டுப்போன தோல்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், காரணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. காரணத்தைப் பிரித்தறியாமல் தோட்டாவை மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பெரும்பாலானோர் காண்பது வெளியேறும் கிழிசல். குண்டு தேவைக்குமேல் கனமாகவோ, உறை தடிப்பாகவோ இருந்தால், அது விரிந்து காளான் வடிவம் எடுத்து, எலும்புத் துண்டுகளையும் தள்ளிக்கொண்டு மறுபக்கம் வெடித்து வெளியேறுகிறது. இதற்கு மருந்து, இன்னும் எளிதில் உடையும் குண்டு.

இரண்டாவது, நுழைவிடத்திலேயே வெடிப்பது. மிக மெல்லிய குண்டு மிக அதிக வேகத்தில் தோள்பட்டை எலும்பில் மோதினால், உள்ளே போகுமுன்பே தூளாகி, தோலின் மேற்பரப்பில் கிண்ணம்போல ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடும். இது மிகவும் கொடுமையானது; தோலும் போகிறது, உயிர்நிலை உறுப்புகள் சேதமடையாததால் விலங்கும் காயத்தோடு ஓடுகிறது. இதற்கு மருந்து, சற்றுக் கனமான குண்டு அல்லது சற்றுக் குறைந்த வேகம். முதல் குறைக்குச் சொன்ன மருந்தை இங்கே கொடுத்தால் காயம்பட்டு ஓடும் விலங்குகளின் எண்ணிக்கைதான் கூடும்.

மூன்றாவதாக, சாய்கோணத்தில் உரசிச் செல்லும் குண்டு. மார்பின் ஓரத்தையோ வயிற்றின் அடியையோ தொட்டுச் செல்லும் குண்டு, எந்த வகையானாலும், தோலை நீளவாக்கில் பிளந்துவிடும். இது தோட்டாவின் குறையே அல்ல; சுட்ட கோணத்தின் குறை.

படி 3: குண்டின் அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் கேலிபரை, அதாவது குண்டின் விட்ட அளவை, பார்த்து வாங்குவது பலருடைய வழக்கம். தோலைக் காப்பாற்றும் தகவலோ சிறிய எழுத்தில் இருக்கும் குண்டின் பெயரிலும் எடையிலும் இருக்கிறது.

நமக்கு ஏற்றவை, சிறு விலங்குகளுக்கென்று செய்யப்பட்ட, மெல்லிய செப்பு உறையும் மென்மையான ஈய உட்பகுதியும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட குண்டுகள். ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பேலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியராவின் பிளிட்ஸ்கிங் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவை வேலை செய்யும் விதம் எளிமையானது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கூம்பு, உடலில் மோதியவுடன் ஆப்புபோலப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஈயத்தையும் உறையையும் உள்ளிருந்தே பிளக்கிறது. பிளவு தொடங்கும் நேரத்தில் குண்டு விலாவைத் தாண்டி நுரையீரலுக்குள் போயிருக்கும். அங்கே அது சின்னஞ்சிறு துணுக்குகளாகச் சிதறி, மறுபக்கத் தோலைத் துளைக்கும் கனம் எந்தத் துணுக்குக்கும் இல்லாமல் போகிறது.

பேலிஸ்டிக் டிப் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. நாஸ்லர் நிறுவனம் அதே பெயரில் மானுக்கான குண்டையும் விற்கிறது. அதன் உறை தடிப்பானது. பெட்டியில் 'வார்மின்ட்' (தொல்லை தரும் சிறு விலங்கு) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

முனையில் குழி உள்ள மெல்லுறைக் குண்டுகளும் நன்றாகவே வேலை செய்யக்கூடியவை. ஆனால், இலக்குப் பலகைப் போட்டிக்கென்று செய்யப்பட்ட குண்டுகளிலும் முனையில் குழி இருக்கும். அந்தக் குழி துல்லியத்துக்காக வைத்தது, விரிவதற்காக அல்ல. அவற்றில் சில உடலுக்குள் உடைகின்றன, சில ஊசிபோல ஊடுருவிச் செல்கின்றன. எப்போது எதைச் செய்யும் என்று சொல்ல முடியாத குண்டை உயிருள்ள விலங்கின்மேல் பயன்படுத்த நான் உடன்படமாட்டேன்.

முழு உலோக உறைக் குண்டு பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: அது உள்ளேயும் வெளியேயும் ஒரே சிறு துளையாகப் போகும், எனவே தோலுக்கு நல்லது என்பார்கள். துளை சிறியதாக இருப்பது பல நேரங்களில் உண்மைதான். ஆனால் அப்படிச் சுடப்பட்ட கொயோட்டி நூற்றுக்கணக்கான கஜம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மெல்லச் செத்து, கிடைக்காமலே போகிறது. சில நேரம் அந்தக் குண்டு உடலுக்குள் குப்புறப் புரண்டு, மறுபக்கம் அகலமாகக் கிழிக்கவும் செய்கிறது. உறைந்த மண்ணில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்பதும் தெரியாது. இதை முற்றிலும் விலக்கிவிடுங்கள்.

ஈயம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல், எந்த வனவிலங்கைத் துப்பாக்கியால் வேட்டையாடினாலும் ஈயமற்ற குண்டையே பயன்படுத்த வேண்டும். அங்கே ஹார்னடியின் என்.டி.எக்ஸ்., செப்பு-வெள்ளீயத் தூளை அழுத்திச் செய்த உட்பகுதி கொண்ட பார்ன்ஸ் வார்மின்ட் கிரெனேட் போன்றவை ஈயக் குண்டைப் போலவே சிதறக்கூடியவை. மற்ற பல இடங்களில் ஈயக் குண்டுக்குச் சட்டத்தடை இல்லாவிட்டாலும், நமக்குப் பிடித்தமான இந்தச் சிதறும் குண்டுதான் உடலெங்கும் ஈயத் துணுக்குகளை விதைக்கிறது என்பதை மறக்கக் கூடாது. தோலுரித்த உடலை வெட்டவெளியில் விட்டுவிட்டால், அதைத் தின்ன வரும் கழுகுகள் ஈய நஞ்சால் சாகின்றன. உடலைப் புதைப்பதோ, குப்பைக்கிடங்கு ஏற்குமானால் அங்கே சேர்ப்பதோ ஈயக் குண்டைத் தேர்ந்தெடுத்தவரின் கடமை.

படி 4: கேலிபரையும் வேகத்தையும் தொலைவோடு பொருத்துதல்

குண்டு சிதறுவது அதன் பெயரால் அல்ல, மோதும் வேகத்தால். ஒரே குண்டு 50 கஜத்தில் வெடித்துத் தூளாகும். 350 கஜத்தில் சரியாகச் சிதறாமல் ஊடுருவிப் போகக்கூடும். எனவே கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை காணுங்கள்: நீங்கள் உண்மையில் எந்தத் தொலைவில் சுடுகிறீர்கள்? அடிபட்ட முயலின் அலறலை எழுப்பும் அழைப்புக் கருவியை வைத்து வேட்டையாடுவோரிடம், கொயோட்டி பெரும்பாலும் 150 கஜத்துக்குள் வந்துவிடும். பல நேரங்களில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கும். திறந்த வயல்களில் பதுங்கிச் சென்று சுடுவோருக்கு 250, 300 கஜம் சாதாரணம்.

எவருக்கும் தயக்கமின்றி நான் முதலில் பரிந்துரைப்பது .223 ரெமிங்டன் தோட்டா. அதில் 40 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) வி-மேக்ஸ் குண்டு, குழல்வாயில் வினாடிக்கு ஏறத்தாழ 3,800 அடி வேகத்தில் கிளம்பி, 200 கஜத்தில் 2,750 அடி அளவுக்கு இறங்குகிறது. அழைப்பு வேட்டையின் தொலைவு முழுவதிலும் அது உள்ளே சிதறும் வேகத்திலேயே இருக்கிறது. காற்று ஓயாமல் வீசும் இடங்களில் 50 அல்லது 53 கிரெயின் குண்டு நேராகச் செல்லும். அதற்குமேல் 55 கிரெயினும் நல்ல குண்டுதான், ஆனால் மறுபக்கம் வெளிவரும் வாய்ப்பு கூடுகிறது.

2004இல் வந்த .204 ரூகர், தோலை மட்டும் நினைத்துப் பார்த்தால் இதைவிடவும் ஏற்றது. 32 கிரெயின் குண்டு 4,200 அடியைத் தாண்டிய வேகத்தில் கிளம்புகிறது, துளை மிகச் சிறியது, வெளிவருவது அரிது. ஆனால், அருகில் நிற்கும் விலங்கின் தோள்பட்டையில் பட்டால் மேற்பரப்பிலேயே வெடித்துவிடக்கூடும். ஆகவே கொயோட்டிக்கு 39, 40 கிரெயின் குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 கிரெயினை அணில் வகைச் சிறு விலங்குகளுக்கு வைத்துக்கொள்ளலாம். 1971இல் அறிமுகமான .17 ரெமிங்டனும் அழகான துளையைத் தருவது; 25 கிரெயின் குண்டு 4,000 அடி வேகத்தில் செல்கிறது. அதன் விட்டம் குறைந்த குழலில் செப்புப் படிவு விரைவில் சேர்வதும், லேசான குண்டைக் காற்று இழுத்துக்கொண்டு போவதும் அதன் குறைகள்.

.22-250 ரெமிங்டன் பல பண்ணைகளில் பரம்பரைத் துப்பாக்கிபோல இருக்கிறது. தொலைவுக்கு அது சிறந்தது. ஆனால் 55 கிரெயின் குண்டு 3,680 அடி வேகத்தில் 60 கஜத்தில் நிற்கும் கொயோட்டியைத் தாக்கும்போது இருபக்கமும் சேதமாவது வழக்கம். அருகில் சுடுவோர் அதை வைத்துக்கொண்டு தோலைக் காப்பாற்ற முயல்வதைவிட .223-க்கு மாறிவிடலாம். .243 வின்செஸ்டர் மான் துப்பாக்கி. 58 கிரெயின் வி-மேக்ஸ் போட்டால் தொலைவில் பரவாயில்லை, 100 கிரெயின் குண்டைத் தோலுக்காக நினைத்தும் பார்க்க வேண்டாம்.

.17 ஹெச்.எம்.ஆர். போன்ற விளிம்புநெருப்புத் தோட்டாக்கள் (கூட்டின் அடி விளிம்பில் அடிபட்டு வெடிப்பவை) மலிவானவை, சத்தம் குறைந்தவை. 17 கிரெயின் குண்டு 2,550 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 கஜத்தில் அதன் ஆற்றல் பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. தோல் கெடாது என்பது உண்மை; விலங்கு விழாது என்பதும் பல நேரங்களில் உண்மை.

பெட்டியில் அச்சிட்டுள்ள வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் ரைஃபிளின் குழல் 16 அங்குலம் என்றால் வினாடிக்கு 200 அடிக்கும் மேல் குறையலாம். அதே குண்டு உங்களுக்கு இன்னும் குறைந்த தொலைவிலேயே சிதறும் தன்மையை இழக்கிறது என்று பொருள்.

படி 5: குழலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தல்

குழலின் உட்புறச் சுருள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது பல ரைஃபிள்களில் குழலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 12 அங்குலச் சுற்றுள்ள .223 குழல் 55 கிரெயின்வரை நன்கு நிலைப்படுத்தும். 7 அங்குலச் சுற்றுள்ள இக்காலக் குழலில் 3,800 அடி வேகத்தில் செல்லும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,90,000 முறை சுழல்கிறது. மிக மெல்லிய உறை கொண்ட சில குண்டுகள் அந்தச் சுழற்சியைத் தாங்காமல் காற்றிலேயே பிய்ந்துவிடும். இலக்குத்தாளில் துளையே விழாமல், காற்றில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அதுதான் அறிகுறி.

.223-ஐப் போலவே தோன்றும், 5.56 என்று குறித்த தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த குழலில் இடாதீர்கள், அழுத்தம் கூடும்.

படி 6: வாங்கிச் சோதித்தல்

மேற்சொன்னவற்றை வைத்து இரண்டு அல்லது மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து குண்டுகளாக, 100 கஜத்தில், குழல் ஆறியபின் சுடுங்கள். எந்த வகை ஓர் அங்குல வட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் விழுகிறதோ அதுவே உங்கள் ரைஃபிளுக்கு உரியது. தோலுக்கு மிக உகந்ததென்று பெயர்பெற்ற குண்டு உங்கள் குழலில் மூன்று அங்குலத்துக்குப் பரவி விழுந்தால், அது மார்புக்குப் பதில் தோளிலோ வயிற்றிலோ படும். அங்கே பட்டபின் எந்த அமைப்பும் தோலைக் காக்காது.

இந்தச் சோதனையைக் கோடையில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெப்பநிலை மைனஸ் 20 பாகைக்கு இறங்கும்போது வெடிமருந்து மெதுவாக எரிகிறது, குண்டின் வேகம் குறைகிறது, அது விழும் இடமும் இறங்குகிறது. டிசம்பரில் ஒருமுறை, வேட்டைக்கு அணியும் அதே தடித்த உடையோடு, இரவு முழுவதும் வெளியில் வைத்த தோட்டாக்களைக்கொண்டு ஸ்கோப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வைத்தால், பெரும்பாலான .223, .204 தோட்டாக்களுக்கு 200 கஜத்தைத் தாண்டும்வரை குறியை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டியிராது.

படி 7: குண்டு வேலை செய்யும் இடத்தில் சுடுதல்

பக்கவாட்டில் நிற்கும் கொயோட்டிக்கு, முன்னங்காலை ஒட்டிப் பின்னால், மார்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் குறிவையுங்கள். அங்கே மெல்லிய விலாவும் நுரையீரலும் மட்டுமே. குண்டு தோள் எலும்பைச் சந்திப்பதில்லை. நேருக்கு நேர் பார்த்து நிற்கும்போது கழுத்து மார்போடு சேரும் குழியே இடம். குண்டுக்கு உடலின் நீளம் முழுவதும் கிடைப்பதால் வெளியே வருவதே இல்லை. தோலுக்கு இதைவிட நல்ல கோணம் கிடையாது. சாய்ந்து நிற்கும் விலங்கைச் சுடும் ஆவலை அடக்கிக்கொண்டு, மெல்ல ஒரு குரல் கொடுங்கள். ஓடும் கொயோட்டிகூடப் பல நேரம் நின்று திரும்பிப் பார்க்கும். தலையைக் குறிவைப்பது வேண்டாம். இலக்கு சிறியது, அசைந்துகொண்டே இருப்பது. தாடை உடைந்து ஓடும் விலங்கு நாள்கணக்கில் பட்டினியால் சாகும்.

படி 8: தோலைப் படித்துத் தேர்வைத் திருத்துதல்

விலங்கு விழுந்தவுடன் துளையைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்துவிடுங்கள். இரத்தம் மயிரில் உறைந்துவிட்டால் பின்னர் குளிர்ந்த நீரில் நெடுநேரம் அலசிச் சீவ வேண்டிவரும். வெந்நீர் கூடாது, கறை நிலைத்துவிடும்.

உரித்தபின், தோலைக் காயவைக்குமுன், உட்புறத்தை விளக்கொளியில் பாருங்கள். ஒரே ஒரு துளையும், மறுபக்கத்தில் இரத்தம் கட்டிய தடம் மட்டும் இருந்து கிழிசல் இல்லாமலும் இருந்தால், உங்கள் தோட்டா அந்தத் தொலைவுக்குப் பொருத்தமானது. மறுபக்கம் கிழிந்திருந்தால் குண்டின் எடையைக் குறையுங்கள். நுழைவிடத்தில் கிண்ணப் பள்ளம் இருந்தால், அது எலும்பில் பட்டதா என்று முதலில் பாருங்கள். எலும்பில் படாமலே பள்ளமானால் ஒரு படி கனமான குண்டுக்கு மாறுங்கள்.

சிறு கிழிசலைப் பச்சைத்தோலாக இருக்கும்போதே தைத்துவிடலாம். சிதைந்த ஓரத்தை உடலின் நீளவாக்கில் இலை வடிவத்தில் வெட்டி நேராக்கி, மெழுகு பூசிய நூலால், தோலின் உட்புறமிருந்து, நெருக்கமான தையலிட வேண்டும். தைக்கும்போது மயிர் நூலில் சிக்காமல் ஊசிமுனையால் தள்ளிவிடுங்கள். நன்றாகத் தைத்த விரல்நுனி அளவுத் துளையை ரோமப் பக்கத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வரி எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறேன்: தேதி, தொலைவு, விலங்கு நின்ற கோணம், குண்டின் பெயரும் எடையும், பெட்டியின் ஓரத்தில் அச்சிட்ட உற்பத்தித் தொகுதி எண், உட்புறத்தில் கண்டது. தொகுதி எண் மாறும்போது வேகமும் சற்று மாறக்கூடும் என்பதால், நன்றாக வேலை செய்த தொகுதியிலிருந்து அந்தக் குளிர்காலத்துக்குப் போதுமான பெட்டிகளை அக்டோபரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் கையில் கிடைத்ததைப் போட்டுச் சுட வேண்டியிராது. அந்த இரண்டாவது தோலின் கிழிசல் அப்படித்தான் வந்தது.